ஆறுதல் சாட்டையாகலாமா?

சென்ற ரமலானில் ஒரு மாலைப்பொழுது. எங்கள் கடலோர ஊரின் பள்ளிவாசல் முற்றத்தில் நோன்புக் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. அஸர் தொழுகைக்குப் பின் வெளியூரிலிருந்து வந்திருந்த பேச்சாளர் ஒருவர் பயான் செய்தார். நல்ல குரல் வளம், தடையில்லாத ஓட்டம். முடிவில், "எவருக்கேனும் ஐயம் இருந்தால் கேட்கலாம்" என்றார். பின்வரிசையிலிருந்து ஓர் இளைஞன் எழுந்தான். அண்மையில் தகப்பனாரை இழந்தவன். கடையையும் குடும்பத்தையும் ஒருங்கே தோளில் தாங்கி நிற்பவன்.

"ஹஜ்ரத், அத்தா மவுத்தாகி எட்டு மாதமாகிறது. ஒரு வக்தும் விடாமல் தொழுகிறேன். ஆனால் உள்ளத்தில் ஒன்றுமே தோன்றவில்லை. சுவருக்கு முன் நிற்பதுபோல் இருக்கிறது. நான் முனாஃபிக் ஆகிவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது" என்றான். சொல்லும்போது அவன் குரல் உடைந்தது.

பேச்சாளர் ஒரு கணமும் தயங்கவில்லை. யூஸுஃப் அத்தியாயத்தின் 87-ஆம் வசனத்தை இனிய ராகத்தில் ஓதினார். அல்லாஹ்வின் அருளில் நிராசை கொள்பவன் நிராகரிப்பாளனே என்று பொருள் கூறினார். திக்ரினால் உள்ளங்கள் அமைதி பெறும் என்பது இறைவாக்கு. அமைதி இல்லையென்றால் ஈமானில்தான் பழுது. போய் ஈமானைப் புதுப்பித்துக்கொள் என்று முடித்தார். பெரியவர்கள் பலர் தலையசைத்தார்கள். இளைஞன் உட்கார்ந்தான். மஃரிபு பாங்குக்கு முன் நான் திரும்பிப் பார்த்தபோது அவன் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. அதன் பின் இருபது நாட்கள் அவனைப் பள்ளிவாசலில் காணவில்லை.

இக்கட்டுரை அந்தப் பேச்சாளர்மீது தொடுக்கும் வழக்கன்று. அவர் தாமாக ஒன்றும் புனையவில்லை. நம்மிடையே நெடுங்காலமாகப் புழங்கிவரும் ஒரு செல்லாக்காசை எடுத்துக் கொடுத்தார், அவ்வளவே. 'ஈமான் உள்ளவனுக்கு மனம் தளராது; தளர்ந்தால் அவனிடம் ஈமான் இல்லை' என்னும் அந்தக் காசு மிம்பரிலும் புழங்குகின்றது, துக்க வீட்டிலும் புழங்குகின்றது, தாய் மகளுக்குச் சொல்லும் புத்திமதியிலும் புழங்குகின்றது. அதைத்தான் கல்லில் உரைத்துப் பார்க்க விரும்புகின்றேன்.

முதலில் அந்த வசனத்தையே எடுத்துக்கொள்வோம். அதைச் சொன்னவர் யார்? எந்தக் கண்களோடு சொன்னார்? அதற்கு மூன்று வசனங்கள் முன்னே போய்ப் பாருங்கள். யஅகூப் நபி (அலை) அவர்கள் மக்களை விட்டு முகம் திருப்பிக்கொண்டு, யூஸுஃபை எண்ணிக் கலங்குகின்றார்கள். துயரத்தால் அவர்களுடைய கண்கள் வெண்மை படர்ந்துவிட்டன என்று திருமறையே சாட்சி பகர்கின்றது (12:84). ஆண்டுகள் பல கடந்தும் ஆறாத துயரம். ஒரு நபியின் துயரம்! அந்தத் துயரத்தைக் கண்டு முகம் சுளித்தவர்கள் அவருடைய மைந்தர்கள். இப்படியே யூஸுஃபை நினைத்துக் கொண்டிருந்தால் நலிந்து போவீர், அல்லது அழிந்தே போவீர் என்று அவர்கள் கடிந்துகொண்டார்கள் (12:85). தந்தை என்ன விடை சொன்னார்? தம் வேதனையையும் கவலையையும் அல்லாஹ்விடமே முறையிடுவதாகச் சொன்னார் (12:86). அதற்கு அடுத்த வசனத்தில்தான், போய் யூஸுஃபையும் அவர் சகோதரரையும் தேடுங்கள், அல்லாஹ்வின் அருளில் நிராசை கொள்ளாதீர்கள் என்கின்றார்.

ஆக, எந்த வசனத்தைத் துயருற்றவன் முதுகில் சாட்டையாக வீசுகின்றோமோ, அது அழுதழுது கண்ணொளி இழந்த ஒரு முதியவரின் வாயிலிருந்து வந்தது. எவருக்குச் சொல்லப்பட்டது? துயரப்படுபவனைக் கடிந்துகொண்ட பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்டது! நாமோ அதைத் தலைகீழாக்கிவிட்டோம். பிள்ளைகளின் இடத்தில் நின்றுகொண்டு தந்தையின் சொல்லைத் திருடி, தந்தையைப் போல் அழுபவனையே அடிக்கின்றோம்.

நிராசை என்பது வேறு, துயரம் வேறு, தன்மீதே கொள்ளும் ஐயம் வேறு. நிராசை கொண்டவன் தேடுவதை நிறுத்திவிடுகின்றான். யஅகூப் நபி தேடச் சொல்லி அனுப்பினார்கள். எட்டு மாதங்கள் சுவருக்கு முன் நிற்பதுபோல் நின்றும் ஒரு வக்தையும் விடாத அந்த இளைஞனை நிராசை கொண்டவன் என்று எந்த அகராதியைக் கொண்டு சொல்வது? உள்ளம் இனிக்கும்போது தொழுவது எளிது. ஒன்றும் இனிக்காதபோதும் எழுந்து ஒளூச் செய்து நிற்பவனை, அவன் ரப்பைத் தவிர வேறெது நிறுத்தி வைத்திருக்கின்றது?

இரண்டாவது, உள்ளங்கள் அமைதி பெறும் என்னும் வசனம் (13:28). அது சத்தியம். ஆனால் அதிலிருந்து நம்மவர்கள் பிழியும் முடிவு, அமைதி இல்லாதவனிடம் ஈமானும் இல்லை என்பது, அவ்வசனத்தில் எங்கே இருக்கின்றது? இப்ராஹீம் நபி (அலை) அவர்களை எண்ணிப் பாருங்கள். இறந்தோரை நீ எவ்வாறு உயிர்ப்பிக்கின்றாய் என்று காட்டு என இறைவனிடம் கேட்டார்கள். நீர் நம்பவில்லையா என்று வினவப்பட்டபோது, நம்புகின்றேன், எனினும் என் உள்ளம் அமைதி பெறும் பொருட்டே கேட்கின்றேன் என்றார்கள் (2:260). அரபு மூலத்தில் இரண்டு இடங்களிலும் 'அமைதி' என்னும் பொருள் தரும் சொல் ஒரே வேரிலிருந்து பிறந்தது. அப்படியென்றால் நம்பிக்கை ஓரிடத்தில் இருக்க, அமைதி இன்னும் வந்து சேராமல் இருக்கலாம். இறைவனின் உற்ற தோழர் என்று போற்றப்படுபவரே அப்படி நின்றிருக்கின்றார். அதற்காக அவர் விரட்டப்படவில்லை. நான்கு பறவைகளைக் கொண்டு அவருக்கு விடை காட்டப்பட்டது.

மூஸா நபியின் அன்னையின் நிலையோ இன்னும் நெஞ்சைத் தொடுவது. குழந்தையை ஆற்றில் விடும்படி உணர்த்தியவன் அல்லாஹ். அவரைத் திரும்பச் சேர்ப்பேன் என்று வாக்களித்தவனும் அவனே. அவ்வளவு நேரடியான வாக்குறுதியைப் பெற்றபின்பும் அந்தத் தாயின் இதயம் வெறுமையாகிப் போனது. உண்மையை வெளிப்படுத்திவிடும் அளவுக்கு வந்துவிட்டார். அவருடைய உள்ளத்தை நாமே கட்டி உறுதிப்படுத்தினோம் என்று திருமறை கூறுகின்றது (28:10). ஊன்றிக் கவனியுங்கள்: வெறுமை அந்தத் தாயுடையது; கட்டு அல்லாஹ்வுடையது. தம் உள்ளம் கட்டப்பட்டிருப்பதை அந்த நேரத்தில் அவர் உணர்ந்தார் என்று எங்கும் சொல்லப்படவில்லை. உணராமலும் தாங்கப்படலாம்.

இனி ஸஹாபாக்களிடம் வருவோம். பெருமானார் (ஸல்) அவர்களின் எழுத்தர்களில் ஒருவரான ஹன்ழலா (ரலி), தாம் முனாஃபிக் ஆகிவிட்டதாகப் புலம்பிக்கொண்டு வருகின்றார். வழியில் சந்தித்த அபூபக்ர் (ரலி) காரணம் கேட்கின்றார். நபியவர்களின் அவையில் இருக்கும்போது சுவர்க்கமும் நரகமும் கண்முன் நிற்பதுபோல் இருக்கின்றது. வீட்டுக்குப் போனால் மனைவி மக்கள், நிலபுலன் என்று எல்லாம் மறந்து போகின்றது என்கின்றார். அபூபக்ர் என்ன செய்தார்? ஈமானைப் புதுப்பித்துக்கொள்ளச் சொன்னாரா? தமக்கும் அப்படித்தான் இருக்கின்றது என்றார்! இருவரும் சேர்ந்தே நபியவர்களிடம் போனார்கள். என்னிடம் இருக்கும் அதே நிலையில் நீங்கள் எப்போதும் இருந்தால் உங்கள் படுக்கைகளிலும் பாதைகளிலும் வானவர்கள் உங்களோடு கைகுலுக்குவார்கள்; ஆனால் ஹன்ழலாவே, ஒரு நேரம் அப்படி, ஒரு நேரம் இப்படி என்று அண்ணலார் மும்முறை கூறியதாக முஸ்லிம் தொகுப்பில் வருகின்றது.

எங்கள் இளைஞன் கேட்ட கேள்வி ஹன்ழலாவின் கேள்வி. சொல்கூட மாறவில்லை. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பே விடை தரப்பட்ட வினா அது. அந்த விடையைத் தெரிந்து வைத்திருக்க வேண்டியவர்களே வேறொன்றைக் கொடுத்தனுப்பினார்கள்.

வேறு சில தோழர்களும் வந்தார்கள். வாயால் சொல்லவே அஞ்சும்படியான எண்ணங்கள் தங்கள் உள்ளத்தில் எழுவதாக முறையிட்டார்கள். அப்படியா உணர்கின்றீர்கள் என்று கேட்ட நபியவர்கள், அதுவே தெளிவான ஈமான் என்றார்கள். சொல்லவும் அஞ்சினார்களே, அந்த அச்சம் எங்கிருந்து வந்தது? திருடன் வெற்று வீட்டில் நுழைவதில்லை என்று நம் பெரியவர்கள் இதற்கு விளக்கம் சொல்வதுண்டு. தாம் சந்தித்த முப்பது நபித்தோழர்களும் தங்களிடம் நயவஞ்சகம் இருக்குமோ என்று அஞ்சியவர்களே என இப்னு அபீ முலைக்கா (ரஹ்) கூறியதை இமாம் புகாரி (ரஹ்) ஈமானைப் பற்றிய பகுதியில் எடுத்து வைத்திருக்கின்றார். தன் ஈமானைப் பற்றி ஒருநாளும் ஐயுறாமல் நெஞ்சை நிமிர்த்தி நடப்பவனைக் கண்டுதான் நாம் கவலைப்பட வேண்டும் போலும்!

இவையெல்லாம் நபிமார்களும் ஸஹாபாக்களும், நமக்கு அவர்களோடு என்ன ஒப்பு என்று ஒதுங்குபவர்களுக்காக, பிற்காலத்து மனிதர் ஒருவரைக் கொண்டுவருகின்றேன். அவர் பெயரைச் சொன்னால் எந்த மதரஸாவிலும் எழுந்து நிற்பார்கள்.

ஹிஜ்ரி 484 (கி.பி. 1091). தூஸ் நகரத்து அபூஹாமித் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களைப் பக்தாதின் நிஜாமிய்யாக் கலாசாலைக்கு ஆசிரியராக நியமிக்கின்றார் ஸல்ஜூக் அரசின் அமைச்சர் நிஜாமுல் முல்க். நாற்பதை எட்டாத வயது. முந்நூறு மாணவர்கள். அரசவையில் மதிப்பு, தத்துவவாதிகளின் கோட்பாடுகளைக் குலைத்த நூலாசிரியர் என்னும் புகழ். வெளியே பார்ப்பவனுக்கு ஈமானின் கோட்டையே அவர்தான்.

உள்ளே நடந்ததை அவரே பிற்காலத்தில் 'அல்முன்கித் மினழ் ழலால்' என்னும் தன்வரலாற்று நூலில் ஒளிவுமறைவின்றி எழுதி வைத்தார். இளமையிலேயே ஒரு முறை ஐம்புலன்கள் தரும் அறிவையும், பகுத்தறிவின் முதற்கோள்களையும்கூட நம்ப முடியாத நிலைக்குத் தள்ளப்பட்டு, ஏறத்தாழ இரண்டு மாதங்கள் அந்நோயில் கிடந்தார். அதிலிருந்து தம்மை மீட்டது வாதமோ சான்றோ அன்று, அல்லாஹ் தம் நெஞ்சில் இட்ட ஓர் ஒளியே என்கின்றார். வாதத்தில் எவருக்கும் தோற்காத ஒருவர் தரும் வாக்குமூலம் இது!

பின்னர் ஹிஜ்ரி 488, ரஜப் மாதம் (கி.பி. 1095). பெரிய சோதனை அப்போதுதான் வந்தது. தாம் கற்பிப்பது அல்லாஹ்வுக்காகவா, பேருக்கும் புகழுக்குமா என்று தம்மைத் தாமே கேட்டார். விடை அவரை நடுங்க வைத்தது. இடிந்து விழும் கரையின் விளிம்பில் நிற்பதாக உணர்ந்தார். காலையில் போய்விடத் துணிவார். மாலையில் ஆசை வந்து கலைத்துவிடும். ஆறு மாத அளவு இந்த இழுபறி. ஒருநாள் நாவே கட்டுண்டது. மாணவர்களின் மனம் குளிர ஒரு பாடமாவது நடத்துவோம் என்று முயன்றும் ஒரு சொல் எழவில்லை. உணவு இறங்கவில்லை, இறங்கியது செரிக்கவில்லை. மருத்துவர்கள் வந்து பார்த்தார்கள். இது உள்ளத்தில் விழுந்து உடலுக்குப் பரவிய நோய், மனச்சுமை இறங்கினாலன்றி மருந்தில்லை என்று கைவிரித்தார்கள். அந்த மருத்துவர்களை எண்ணி வியக்கின்றேன். 900 ஆண்டுகளுக்கு முந்தைய பக்தாதின் வைத்தியர்களுக்குத் தெரிந்தது நம்மூர்த் திண்ணைகளுக்கு இன்னும் தெரியவில்லை.

அக்காலத்துத் திண்ணைகளும் வாளாவிருக்கவில்லை. ஆட்சியாளருக்கு அஞ்சி ஓடுகின்றார் என்றனர் சிலர். இஸ்லாமியரின் மீதும் அறிஞர் குழாத்தின் மீதும் விழுந்த கண்ணேறு என்றனர் சிலர். ஒருவரேனும் அவரிடம் போய், உம்முடைய ஈமானில் பழுது, புதுப்பித்துக் கொள்ளும் என்று சொல்லியிருந்தால், அவர் ஒப்புக்கொண்டிருக்கவும் கூடும், அவ்வளவு நொந்திருந்தார்.

அவர் செய்தது என்ன? தம் இயலாமையை முற்றாக உணர்ந்து, வேறு வழியற்றவன் ஓடுவதுபோல் அல்லாஹ்விடம் ஓடினார். நெருக்கடிக்கு ஆளானவன் அழைக்கும்போது விடையளிப்பவன் எவனோ (27:62), அவன் தமக்கும் விடையளித்தான் என்று எழுதுகின்றார். பதவியைத் துறந்தார். தமக்கும் பிள்ளைகளுக்கும் வேண்டிய அளவை மட்டும் வைத்துக்கொண்டு செல்வத்தைப் பகிர்ந்தளித்தார். டமாஸ்கஸ் பள்ளிவாசலின் மினாராவில் ஏறிக் கதவடைத்துக்கொண்டு பகலெல்லாம் தனித்திருந்தார். பின்பு பைத்துல் முகத்தஸ், அதன் பின் ஹஜ். ஏறத்தாழ பதினோராண்டுகள் இத்தகைய வாழ்வு. அந்த ஆண்டுகளில்தான் 'இஹ்யா' பிறந்தது. நாவு கட்டுண்ட மனிதரிடமிருந்து பிறந்த அந்நூலை நாவு கட்டுண்டே அறியாதவர்கள் மிம்பரில் நின்று மேற்கோள் காட்டுகின்றோம். ஹிஜ்ரி 505-இல் (கி.பி. 1111) தாம் பிறந்த தூஸிலேயே மறைந்தார்கள்.

நம் மண்ணிலும் சான்று உண்டு. தொண்டிக்கு அருகே குணங்குடியில் 1792-இல் பிறந்து, 1838-இல் சென்னையில் மறைந்த மஸ்தான் சாகிபு அவர்களின் கண்ணிகளை நம் வீடுகளில் ராகம் போட்டுப் பாடுகின்றோம். எக்காலக் கண்ணியின் அடிகள் தோறும் வருவது ஏக்கம்; இன்னும் எய்தவில்லையே என்னும் ஏக்கம். அதைப் பாடியவரை ஞானி என்கின்றோம். அதே ஏக்கத்தை ஒரு கடைக்காரப் பையன் உரைநடையில் சொன்னால் முனாஃபிக் என்கின்றோம்!

அப்படியானால் சோர்வைக் கொண்டாடச் சொல்கின்றீரா என்று கேட்பீர்கள். இல்லை. எதிர்த்தரப்பில் ஒரு நியாயம் இருக்கின்றது. அதை மறுப்பது நேர்மையன்று. உள்ளம் ஒட்டவில்லை என்பதையே சாக்காக்கித் தொழுகையைக் கைவிடுபவர்கள் இருக்கின்றார்கள். தங்கள் ஐயத்தைப் பதக்கம்போல் மார்பில் குத்திக்கொண்டு திரியும் மெத்தப் படித்தவர்களும் இருக்கின்றார்கள். தீய ஊசலாட்டம் எழுந்தால் அல்லாஹ்விடம் காவல் தேடி, அந்த எண்ணத்தை அத்தோடு நிறுத்திக்கொள்ளுமாறு நபியவர்கள் கற்பித்திருக்கின்றார்கள். அதைச் சொல்லத்தான் வேண்டும். நோய்க்கு மருந்து சொல்வது கடமை. நோயாளியைக் குற்றவாளியாக்குவதுதான் கொடுமை.

மருந்து என்று சொன்னபின் மற்றொன்றையும் சொல்லிவிடுகின்றேன். உள்ளத்தின் நோய்க்கு வைத்தியரை நாடுவதை ஈமானுக்கு இழுக்கு என்று எண்ணுவோர் நம்மில் இன்றும் உளர். ஹிஜ்ரி 322-இல் மறைந்த அபூஸைத் பல்கீ என்னும் அறிஞர் உடலின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் ஒரே நூலில் இணைத்து எழுதினார். காரணம் தெரிந்த துயரத்தையும் காரணம் தெரியாமல் வந்து கவியும் துயரத்தையும் பிரித்துக் காட்டினார். கெய்ரோவில் 1284-இல் எழுந்த மன்ஸூரி மருத்துவமனையில் மனநோயாளருக்கென்று தனிப் பகுதி இருந்தது. நம் முன்னோருக்கு வராத வெட்கம் நமக்கு எங்கிருந்து வந்தது?

எதிர்த்திசையிலும் ஒரு கூட்டம் கடை விரித்திருக்கின்றது. உன்னை நம்பு, உன்னால் முடியாதது ஒன்றுமில்லை என்று கூவும் தன்னம்பிக்கை நூல்கள் பேருந்து நிலையக் கடைகளில் அடுக்கடுக்காகத் தொங்குகின்றன. இப்போது நம் பயான்களிலும் அந்த வாடை வீசத் தொடங்கிவிட்டது. கண்ணிமைக்கும் நேரமும் என்னை என்னிடமே ஒப்படைத்துவிடாதே என்று துஆக் கேட்கக் கற்றுக்கொடுத்த நபியின் உம்மத்துக்கு இது எப்படி ஒத்துப்போகும் என்று எனக்கு விளங்கவில்லை. தன்னை நம்ப முடியாமல் தவிப்பவனைப் பார்த்துத் தன்னை நம்பு என்பது, நீந்தத் தெரியாதவனைப் பார்த்து நீரில் நில் என்பது போன்றது.

ஒரு முறை வஹீ வருவது சில நாட்கள் நின்றிருந்தது. மக்கத்து எதிரிகள் எள்ளினார்கள். முஹம்மதை அவருடைய இறைவன் கைவிட்டுவிட்டான் என்றார்கள். நபியவர்கள் இரண்டு மூன்று இரவுகள் நோயினால் எழுந்து தொழாதிருந்ததைக் கண்ட ஒரு பெண் இன்னும் கொடிய சொல்லைச் சொன்னாள். அப்போது இறங்கியதுதான் 'வள்ளுஹா' அத்தியாயம். அதன் மூன்றாம் வசனம் அந்த ஏளனத்தை மறுக்கின்றது: உம் இறைவன் உம்மைக் கைவிடவுமில்லை, வெறுக்கவுமில்லை என்னும் பொருள்பட. வானம் மௌனமாக இருந்த அந்நாட்களில் இறைவன் அகன்று போயிருக்கவில்லை. மௌனம் மட்டுமே இருந்தது.

எனவே சகோதரர்களே, இருண்டு நிற்கும் ஓர் உள்ளத்தை நோக்கி, உன்னிடம் அல்லாஹ் இல்லை என்று சொல்லும்போது நாம் யாருடைய குரலில் பேசுகின்றோம்? அது 'வள்ளுஹா'வின் குரலா? அந்த அத்தியாயம் எவர்களை மறுக்க இறங்கியதோ, அவர்களின் குரலா? பிடரி நரம்பைவிட நெருங்கியிருப்பதாக அவனே அறிவித்துவிட்டபின் (50:16), அந்த நெருக்கத்தை அளக்க ஒரு மனிதனின் உணர்ச்சியை அளவுகோலாக்க நமக்கு அதிகாரம் தந்தவர் எவர்?

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் வழக்கம் ஒன்று புகாரியில் பதிவாகியிருக்கின்றது. உறவினர் எவரேனும் இறந்து, துக்கத்துக்கு வந்தவர்கள் கலைந்துபோய், வீட்டார் மட்டும் எஞ்சியிருக்கும்போது, ஒரு பானை தல்பீனா காய்ச்சச் சொல்வார்கள். வாற்கோதுமை மாவில் செய்யும் கஞ்சி அது. அது நோயாளியின் நெஞ்சுக்கு இதமளித்துத் துயரத்தில் சிறிது போக்கும் என்று நபியவர்கள் கூறக் கேட்டதாகச் சொல்வார்கள். எல்லாத் துயரத்தையும் போக்கும் என்று சொல்லவில்லை. சிறிது!

இந்த ஹதீஸ் நினைவுக்கு வந்த அன்று மாலை, பள்ளிவாசலில் ஒரு தூக்குவாளி நோன்புக் கஞ்சி வாங்கிக்கொண்டு அந்த இளைஞனின் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவன் என்னைக் கண்டதும் தலை குனிந்தான். நோன்பை விட்டிருக்கவில்லை; தொழுகையை மட்டும், தன்னுடையது ஏற்கப்படாது என்று சொல்லிவிட்டார்களே என்று, விட்டிருந்தான். பாங்கு கேட்டதும் இருவரும் பேரீச்சம்பழம் கடித்து, ஒரே திண்ணையில் அமர்ந்து கஞ்சி குடித்தோம். ஹன்ழலாவின் செய்தியை மட்டும் சொன்னேன். அபூபக்ர் தமக்கும் அப்படித்தான் என்று சொன்ன இடம் வந்தபோது அவன் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டான்.

"அபூபக்ரா, காக்கா?" என்று கேட்டான்.

"ஆமாம், அபூபக்ர்தான்."

பெருநாள் கழிந்து ஒரு மாதத்துக்குப் பின் கடைத்தெருவில் சந்தித்தேன். எப்படியிருக்கின்றாய் என்றேன். கையிலிருந்த துணிக்கட்டை மேசைமேல் வைத்துவிட்டுச் சற்று நேரம் பேசாதிருந்தான்.

"இப்பவும் ஒன்றும் தோன்றவில்லை, காக்கா. சுவர் மாதிரிதான் இருக்கிறது. தொழுதுகொண்டுதான் இருக்கிறேன்" என்றான். வாடிக்கையாளர் ஒருவர் வந்து நிற்கவே, அளவுகோலை எடுத்துக்கொண்டு திரும்பினான்.